திரையிசைப் போட்டிக்குக் கடற்கரையிலிருந்து: காட்சி கைக்கு வந்தது முதல் கோப்பு அனுப்பும் வரை

திரைப்பட இசையமைப்பாளராக வேண்டும் என்ற ஆசையோடு கணினியும் கீபோர்டுமாக உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் குறைவில்லை. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஆலயப் பாடற்குழுவில் கீபோர்டு பழகியவர்கள், கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தப்ஸ் ஒலி கேட்டு வளர்ந்தவர்கள், இராமேசுவரம் கோயில் நாகசுரத்தில் காது நிறைந்தவர்கள் என்று இசைக்குள் நுழைய இங்கே பல வாசல்கள் உண்டு. கோடம்பாக்கத்தில் யாரையும் தெரியாத ஒருவருக்கு, இணையவழியில் நடக்கும் திரையிசைப் போட்டி நேர்மையான ஒரு வாய்ப்பு. எல்லோருக்கும் ஒரே காட்சியைக் கொடுத்து, யார் எப்படி இசையமைத்தார்கள் என்பதை மட்டுமே அங்கே கேட்கிறார்கள். அத்தகைய போட்டிகளில் பலர் பின்தங்குவது மெட்டுப் போடத் தெரியாததால் அன்று, காட்சியைப் பார்க்கத் தெரியாததால்தான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவும் காட்சியைப் படிப்பது பற்றி விரிவாகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் போட்டியின் வகை

பாடலுக்கான போட்டியும் பின்னணி இசைக்கான போட்டியும் வேறு வேறு திறமைகளைக் கேட்பவை. தேசியத் திரைப்பட விருதுகளிலேயே இவை தனித்தனியாக மதிக்கப்பட்டிருக்கின்றன; 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57ஆவது விருதுகளில் பாடல்களுக்கான விருது ஒருவருக்கும், பின்னணி இசைக்கான விருது 'பழசிராஜா' படத்துக்காக இளையராஜாவுக்கும் கிடைத்தன. நம் சினிமாக்காரர்கள் ஆர்.ஆர். என்று சொல்லும் பின்னணி இசைக்கான போட்டிகளில், வசனமும் சத்தங்களும் உள்ள, ஆனால் இசை நீக்கப்பட்ட ஒரு காட்சியையோ குறும்படத்தையோ தருவார்கள். சில போட்டிகள் கணினியில் உருவாக்கிய ஒலிப்பதிவையே இறுதிப் படைப்பாக ஏற்கும். வேறு சில, மேற்கத்திய இசைக்குழு வாசிப்பதற்கான முழு ஸ்கோரையும், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் சுரம் எழுதிய தாள்களையும், கேட்கும். சூரிச் திரைப்பட விழா 2012 முதல் நடத்திவரும் போட்டி அப்படிப்பட்டது, அதில் இறுதிச் சுற்றுக்கு வந்த படைப்புகளை இசைக்குழுவே அரங்கில் வாசிக்கிறது. ஐந்து கோடுகளில் சுரம் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பழகாதவர்கள் முழு ஸ்கோர் கேட்கும் வகைக்கு அவசரப்பட வேண்டாம். மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் ஓராண்டு பழகிய பின் அதற்குப் போகலாம்.

விதிமுறைகளை எழுத்து விடாமல் வாசியுங்கள்

விதிமுறைகளை அச்செடுத்து, பேனாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். கோப்பின் வடிவம், இசையின் நீளம், ஒருவர் எத்தனை படைப்பு அனுப்பலாம், வயது வரம்பு, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கு அனுமதி உண்டா, பிறர் உருவாக்கி வைத்த ஆயத்த இசைத் துணுக்குகளை (லூப்) பயன்படுத்தலாமா ஆகியவற்றைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். நடுவர்களுக்குப் பெயர் தெரியாமல் கேட்கவைக்கும் போட்டிகளில், கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருந்தாலே நீக்கிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உரிமை பற்றிய பகுதி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஓர் இசைப் படைப்பின் ஆசிரியர் அதை அமைத்தவரே. அவர் வாழ்நாளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், திரைப்படத்தில் சேர்க்கப்பட்ட இசை திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்கு உள்ள பங்கை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க இயலாது. வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அந்த நாட்டுச் சட்டம் பொருந்தக்கூடும். அதனால் ஒப்பந்த வாசகத்தையே பாருங்கள். வெற்றி பெற்ற படைப்பைப் போட்டியின் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம் என்பது நியாயமான நிபந்தனை. கலந்துகொள்ளும் அனைவருடைய இசையும், தோற்றாலும், நிரந்தரமாக எங்களுக்கே சொந்தம் என்று எழுதியிருந்தால் அந்தப் போட்டியை விட்டுவிடுங்கள். படத்தில் வாய்ப்பு வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, தேர்வான பிறகு 'பதிவுக் கட்டணம்' கேட்பவர்களிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சினிமா ஆசையை வைத்துப் பணம் பறிப்பவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளைத்தான் எளிதில் குறிவைக்கிறார்கள்.

காட்சியைப் படித்தல்

காட்சியைப் பதிவிறக்கியதும் கீபோர்டைத் திறக்காதீர்கள். முதல் முறை முழுக் காட்சியையும் நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, முகங்களையும் கேமராவின் நகர்வையும் மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை திரையை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். வசனம் எங்கே, அலை எங்கே, காலடி எங்கே, எந்த இடத்தில் ஒலியே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இடப்புறம் நேரத்தையும் வலப்புறம் அந்த நொடியில் நடப்பதையும் எழுதுங்கள். இசை எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது என்று முடிவு செய்யும் இந்த வேலையை ஸ்பாட்டிங் என்பார்கள். போட்டியின் பாதி இங்கேயே தீர்மானமாகிறது.

ஒரு கற்பனைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நீளம் 2 நிமிடம் 10 நொடி. விடியற்காலையில் ஒரு பெண் கரையில் நிற்கிறாள். 22ஆவது நொடியில் தொலைவில் வள்ளங்கள் தெரிகின்றன. 38ஆவது நொடியில் தன் கணவனின் வள்ளம் அந்த வரிசையில் இல்லை என்பது அவள் முகத்தில் தெரிகிறது. 52ஆவது நொடியிலிருந்து 80ஆவது நொடி வரை வலை உலர்த்தும் முதியவர் ஒருவரிடம் பேசுகிறாள். 94ஆவது நொடியில் கடைசி வள்ளம் அடிவானத்தில் தோன்றுகிறது.

முதல் நொடியிலேயே சோகமான புல்லாங்குழலைத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அங்கே இசை வேண்டாம் என்பேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாதபோது இசை முன்கூட்டியே அழுதால், 38ஆவது நொடியில் அவள் முகம் சொல்ல வேண்டியதை இசையே பறித்துக்கொள்கிறது. 22ஆவது நொடியில், வள்ளங்கள் தெரியும்போது, தாழ்ந்த சுரம் ஒன்றில் மெல்லத் தொடங்கலாம். அது அவள் மனத்தில் இருக்கும் எண்ணிக்கை, ஒவ்வொரு வள்ளமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். 38ஆவது நொடியில் தாளக்கருவியால் அடிப்பதற்குப் பதில், அதுவரை வந்த இசையைச் சட்டென்று நிறுத்திவிட்டு அலையை மட்டும் விடுங்கள். வசனத்தின் அடியில் ஒரே நீண்ட சுரம் போதும், அல்லது ஒன்றுமே வேண்டாம். 94ஆவது நொடியில்தான் மெட்டு முழுமையாக வர வேண்டும். 22ஆவது நொடியில் தயங்கித் தயங்கி வந்த அதே சுரங்கள் இப்போது ஒரு முழு வரியாக நீளட்டும். தொடக்கத்தில் விதைத்ததை முடிவில் வளர்த்துக் காட்டும் இந்தக் கட்டமைப்பை அனுபவமுள்ள நடுவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். இரண்டு நிமிடக் காட்சியில் ஒரு நிமிடம் மட்டுமே இசை இருப்பது குறையாகாது.

தாளக் கணக்கு

இசை நுழையும் இடமும் நிற்கும் இடமும் முடிவானபின் வேகத்தைக் கணக்கிட வேண்டும். சூத்திரம் எளியது: அந்த இடைவெளியில் வர வேண்டிய தாள எண்ணிக்கையை 60ஆல் பெருக்கி, இடைவெளியின் நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கான வேகம், அதாவது பிபிஎம், கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 22 முதல் 38 வரை 16 நொடிகள். 90 பிபிஎம்மில் வைத்தால் அதற்குள் மிகச் சரியாக 24 எண்ணிக்கை, அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட 6 ஆவர்த்தனங்கள் (தாளச் சுற்றுகள்) அடங்கும். இசை ஆவர்த்தனம் முடிந்த இடத்தில் நிற்கும், வெட்டியதுபோல் இருக்காது. 96 என்று வைத்தால் 25.6 எண்ணிக்கை வரும்; நிறுத்தம் எண்ணிக்கைக்கு நடுவில் விழும்.

நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தை விட்டு வெளியே வந்து பார்ப்பதும் பயனுள்ளது. அதே 16 நொடியில் 105 பிபிஎம் வைத்தால் 28 எண்ணிக்கை, ஏழு எண்ணிக்கை கொண்ட நான்கு சுற்றுகள் வரும், 93.75 வைத்தால் 25 எண்ணிக்கை, ஐந்தைந்தாக ஐந்து சுற்றுகள் வரும். எண்ணி முடியாத தவிப்பு உள்ள இந்தக் காட்சிக்கு நான்கு எண்ணிக்கையின் சமநிலையைவிட ஏழின் ஒரு பக்கம் சாய்ந்த நடையே பொருந்தும் என்பது என் தேர்வு. தாளம் கற்ற நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்த கலை. அதைத் திரை நொடிகளோடு இணைக்க மட்டும் பழக வேண்டும்.

ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடும் படத்தில் 90 பிபிஎம் என்றால் ஓர் எண்ணிக்கைக்குச் சரியாக 16 ஃபிரேம். படத்தின் ஃபிரேம் வேகத்தை உங்கள் மென்பொருளிலும் அதேபோல் அமைத்துக்கொள்ளுங்கள். 24க்கும் 23.976க்கும் இடையே வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், 2 நிமிடம் 10 நொடி முடிவதற்குள் ஏறத்தாழ 3 ஃபிரேம் விலகிவிடும். ஓரிரு ஃபிரேம் பிந்தி வரும் இசையைக் கண் பொறுத்துக்கொள்ளும். முந்தி வந்தால் உறுத்தும்.

கடலும் நம்மூர் இசையும்

கடலோரத்துக்காரர் என்பதற்காக எல்லா இசையிலும் அலையோசையைச் சேர்க்க வேண்டாம். கொடுக்கப்பட்ட காட்சியில் ஏற்கெனவே ஒலி வடிவமைப்பாளர் வைத்த அலை இருக்கும். அதன்மேல் இன்னோர் அலையைப் போட்டால் இரண்டும் கலங்கிப்போகும். மேலும், அலையின் ஓசை தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை பரந்து கிடப்பதால், புல்லாங்குழலின் மூச்சையும் சலங்கையின் மேல்ஒலியையும் அது விழுங்கிவிடும். அலை உள்ள காட்சிக்குத் தெளிவான தொடக்கம் உள்ள ஒலிகள், அதாவது மீட்டும் தந்திகளும் தோல் கருவிகளும், நன்றாகக் கேட்கும்.

இந்தக் கரையிலிருந்து எடுக்கத் தகுந்தது வேறு. கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். ஒருவர் அடியெடுத்துப் பாட, மற்றவர்கள் பதில் குரல் கொடுக்கும்போது கயிற்றில் இழுப்பு விழுகிறது. பாட்டின் அழுத்தம் சொல்லில் இல்லை, உடம்பின் பளுவில் இருக்கிறது. மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க இழுப்பு விரைவுபடும், பாட்டும் கூடவே விரைவுபடும். படிப்படியாக இறுகும் ஒரு காட்சிக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்காது. அந்தக் கேள்வி-பதில் அமைப்பையும் விரைவு கூடும் முறையையும் எடுத்துக்கொண்டு, செல்லோவிலோ மனிதக் குரலிலோ உங்கள் சொந்தச் சுரங்களை எழுதுங்கள். மரபான மெட்டு பொதுச் சொத்தாக இருக்கலாம். ஆனால் யாரோ பதிவு செய்து வைத்த ஒலிநாடாவோ காணொளியோ அப்படி அன்று, அதை வெட்டி ஒட்டினால் உரிமை மீறல். பாடிக்காட்டிய பெரியவரின் குரலையே பயன்படுத்த விரும்பினால், அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கி, சம்பளம் கொடுத்து, குறிப்பில் பெயரையும் போடுங்கள். பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு.

உள்ளூர்க் கலைஞர்களைப் பதிவு செய்தல்

நாகசுரத்துக்கு எழுதுவதானால், மெட்டுப் போடுவதற்கு முன்பே கலைஞரைக் கேளுங்கள். "உங்க வாத்தியம் எத்தனை கட்டைண்ணே?" என்று சுருதியைப் பற்றிய ஒரு கேள்வியில் இரண்டு நாள் வேலை மிச்சமாகும். நீளமான பாரி வகை நாகசுரங்கள் இன்று பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் இருக்கின்றன; அதாவது டி அல்லது டி ஷார்ப். நீங்கள் ஏ மைனரில் எழுதிக்கொண்டு போய் நின்றால் அவர் என்ன செய்வார்? வந்ததும் அவரை ஆதார சட்ஜத்தை நீளமாக ஊதச் சொல்லிப் பதிவு செய்து, கணினியில் உள்ள மற்ற டிராக்குகளை அதற்கேற்பச் சென்ட் கணக்கில் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏற்றி இறக்குங்கள். வாத்தியம் கணினிக்கு இறங்கிவராது. கணினிதான் வாத்தியத்துக்கு இணங்க வேண்டும்.

நாகசுரமும் தவிலும் உரத்தவை. மைக்கை நாகசுரத்தின் வாய்ப்பகுதியான சீவாளிக்கும் விரிந்த அடிப்பகுதியான அனசுக்கும் மிக அருகில் வைக்காமல் ஐந்தாறு அடி தள்ளி, சற்று மேலே வையுங்கள். உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். 24 பிட் பதிவில் அந்த அளவு தாராளம். நான்கு பக்கமும் சிமென்டுச் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும். பஞ்சு மெத்தைகளை நிறுத்திவைத்தும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டும் அதைக் குறைக்கலாம். ஓலை வேய்ந்த கொட்டகையில் எதிரொலி இயல்பாகவே குறைவு.

வெளிச் சத்தத்துக்கும் நேரம் பார்க்க வேண்டும். விசைப்படகுத் துறைமுகங்களுக்கு அருகில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் பதிவுக்கு ஏற்றது. எஞ்சின் சத்தமும் ஐஸ் வண்டிகளின் நடமாட்டமும் பெரிதும் அடங்கியிருக்கும், கடலுக்குப் போகும் கலைஞர்களும் கரையில் இருப்பார்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டு ரயில்கள் மீண்டும் ஓடுவதால், தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் பதிவு செய்பவர்கள் ரயில் நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியில் பதிவு செய்தால் மைக்குக்கு ரோம உறை கட்டாயம்.

கருவிகள்

ஓரளவு நல்ல கணினி, மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கன்டென்சர் மைக், மூடிய வகை ஹெட்போன், சிறிய மிடி கீபோர்டு ஆகியவை போதும். இசைப் பதிவுக்கான ரீப்பர் மென்பொருளை 60 நாள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் தொகுப்பு தொடக்கநிலை இசைக்குழு ஒலிகளுக்குப் போதுமானது. உப்புக்காற்றில் மைக்கும் கம்பிகளும் விரைவில் கெடும் என்பதால் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மின்வெட்டு எப்போது வரும் என்று தெரியாது. யுபிஎஸ் ஒன்றும், தானாகச் சேமிக்கும் வசதியும் இருக்கட்டும். திருட்டு மென்பொருள் வேண்டாம். வென்றபின் உரிமம் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

மிக்ஸ்

வசனம் தெளிவாகக் கேட்பதற்கு உதவும் ஒலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை இருக்கின்றன. அதே இடத்தில் வயலினையோ நாகசுரத்தையோ முழங்கவிட்டால், ஒலியளவை எவ்வளவு குறைத்தாலும் பேச்சு மங்கும். இதை ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரால் சரிசெய்வதைவிட இசையமைப்பிலேயே சரிசெய்வது நல்லது: பேச்சின் அடியில் தாழ்ந்த சுரங்களை வைத்து, மெட்டை வசனங்களுக்கு இடையிலுள்ள மௌனத்தில் பேசவிடுங்கள். எதிரொலிப்பை, அதாவது ரிவெர்ப்பை, குறைவாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் அழகாகக் கேட்கும் நீண்ட ரிவெர்ப், திரையில் வெட்டு விழுந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இசையை அழுத்திப் பெருக்கி அனுப்பாதீர்கள். விதிமுறையில் அளவு சொல்லியிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒளிபரப்பு அளவு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (சராசரி ஒலி உரப்பின் அலகு). சொல்லாவிட்டால் உச்சத்தை மைனஸ் 1 டெசிபலுக்குள் நிறுத்தி, மெல்லிய இடங்களை மெல்லியதாகவே விடுங்கள். முடித்ததும் ஒரு நாள் தள்ளி, ஹெட்போன், தொலைக்காட்சி, கைபேசி மூன்றிலும் காட்சியோடு சேர்த்துக் கேளுங்கள். பிறகு இசை அறியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டி, இசை எப்படி என்று கேட்காமல், "இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் கதையைச் சரியாகச் சொன்னால் உங்கள் இசை வேலை செய்கிறது.

அனுப்புதல்

திரைக்கான ஒலிக்கோப்பு பொதுவாக 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் வடிவம். ஸ்டீரியோவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 17 எம்பி. தந்திகள், தாளம், குரல் என்று பிரித்த ஸ்டெம்களையும் கேட்டால் அது பல மடங்காகும். காட்சியோடு சேர்த்த காணொளி இன்னும் பெரிது. கைபேசி இணையம் தடுமாறும் கிராமத்தில் இருப்பவர்கள், கண்ணாடி இழை இணைப்பு உள்ள நண்பர் வீட்டையோ இராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ உள்ள கணினி மையத்தையோ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தை நம் கடிகாரத்துக்கு மாற்றி எழுதிவையுங்கள்: மத்திய ஐரோப்பாவில் இரவு 11.59 என்றால், அவர்களுடைய கோடைக்கால நேரத்தில் நமக்கு மறுநாள் அதிகாலை 3.29, மற்ற மாதங்களில் 4.29. இரண்டு நாள் முன்பே அனுப்பி, ஏற்றிய கோப்பை மீண்டும் பதிவிறக்கி முழுவதும் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இசையமைப்பாளர் குறிப்பு கேட்டால் பத்து வரிக்குள் எழுதுங்கள். வாழ்க்கை வரலாறும் சினிமாக் கனவும் அங்கே வேண்டாம். எந்த நொடியில் ஏன் இசையை நிறுத்தினீர்கள், எந்தச் சுரங்கள் எங்கே மீண்டும் வருகின்றன, வலை இழுப்பின் எந்த இயல்பை எடுத்துக்கொண்டீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள்.

அனுப்பிய பிறகு

ப்ராஜெக்ட் கோப்பு, ஸ்டெம்கள், கலைஞர்களின் சம்மதக் கடிதங்கள், போட்டியின் விதிமுறை அச்சு எல்லாவற்றையும் தேதியிட்டு இரண்டு வன்தட்டுகளில் வையுங்கள். பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், பின்னாளில் தகராறு வந்தால் பதிவுச் சான்று கைகொடுக்கும். படங்களில் இசை வெளியாகத் தொடங்கியபின், 1969இல் தொடங்கப்பட்ட ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள்; ராயல்டியைத் திரட்டித் தருவது அதன் பணி.

போட்டிக்காகத் தந்த காட்சி அவர்களுடைய சொத்து என்பதால், அனுமதி இல்லாமல் அதை யூடியூபில் ஏற்றக் கூடாது. அனுமதி இருந்தால் அவர்கள் சொன்ன வாசகத்தோடு ஏற்றுங்கள். இல்லாவிட்டால், உரிமை உங்களிடமே இருக்கும் நிலையில், இசையை மட்டும் தனியாக எடுத்து உங்கள் மாதிரித் தொகுப்பில் சேர்த்து, மதுரையிலும் சென்னையிலும் குறும்படம் எடுக்கும் திரைப்பட மாணவர்களுக்கு அனுப்புங்கள். முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முடிவு வருவதற்குள் அவர்களில் ஒருவருடைய அடுத்த படத்துக்கு நீங்கள் ஸ்பாட்டிங் எழுதத் தொடங்கியிருக்கலாம்.